இடது தோளில் ஒரு தழும்பு

மயிலாப்பூரின் மாடுகள் மேய்ந்த வெளிக்கு மந்தைவெளி என்று பெயர் வந்தது. இன்று அங்கே மேய்ச்சலும் இல்லை, மந்தையும் இல்லை. ஆர். கே. மடம் சாலையில் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. தலைக்கு மேலே பறக்கும் ரயில் ஓடுகிறது. மாட்டின் நினைவு பேட்டையின் பெயரில் மட்டுமே தங்கிவிட்டது என்று நினைக்கத் தோன்றும்.

ஆனால் அந்தப் பேட்டையில் பிறந்து வளர்ந்த ஒருவரைச் சட்டைக் கையைச் சற்று மேலே சுருட்டச் சொல்லிப் பாருங்கள். இடது தோளுக்குக் கீழே, பட்டாணி அளவில், சற்றே குழிந்த ஒரு தழும்பு அநேகமாக இருக்கும். மந்தைவெளியில் மட்டுமா? மாம்பலத்திலும் இருக்கும், மதுரையிலும் இருக்கும். அது பி. சி. ஜி. ஊசியின் தழும்பு. பசுமாட்டைப் பீடித்த ஒரு கிருமியின் சந்ததி, மனிதக் குழந்தையின் தோலில் போட்டுவிட்டுப் போன கையெழுத்து!

(ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் கையில் இன்னும் ஒன்றிரண்டு தழும்புகள் இருந்தால் திகைக்க வேண்டாம். அவை அம்மை குத்திய வடுக்கள். அந்த வித்தையும் மாட்டிடமிருந்து வந்ததுதான். இங்கே பேச்சு மற்றதைப் பற்றி.)

இந்தத் தழும்பு எதைக் காக்கிறது? காசநோய் வராமல் காக்கிறது என்று தாய்மார்கள் சொல்வார்கள். அந்தப் பதிலில் பாதி சரி, பாதி தவறு. எது சரி, எது தவறு என்று உலகத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் வேறு யாருமல்லர். சென்னைக்கு மேற்கே, திருவள்ளூர்ச் சுற்றுவட்டாரத்துக் கிராமவாசிகள்தாம். அவர்கள் சொன்ன விடை பலருக்குக் கசந்தது. ஆனால் அந்தக் கசப்பு கிளப்பிய கேள்விகளுக்கு விடை தேடித்தான் உயிரணு ஆராய்ச்சியும் ஜீன் ஆராய்ச்சியும் இன்று வெகுதூரம் போயிருக்கின்றன.

உறைமோர் வித்தை

கதை பிரான்ஸ் தேசத்தில் லீல் நகரில் தொடங்குகிறது. அங்கே பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் இருவர். ஒருவர் வைத்தியர் ஆல்பர்ட் கால்மெட். மற்றவர் கால்நடை வைத்தியர் கமீல் குவேரன். காசநோய் கண்ட ஒரு பசுவின் மடியிலிருந்து எடுத்த கிருமி அவர்கள் கையில் இருந்தது. உருளைக்கிழங்குத் துண்டை கிளிசரினிலும் மாட்டுப் பித்த நீரிலும் ஊற வைத்து, அதன் மேல் அதை வளர்த்தார்கள். கிருமிகள் கட்டிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியே பிரிய வேண்டும் என்பதற்காகவே பித்த நீரைச் சேர்த்தார்கள். ஆனால் எதிர்பாராத ஒன்று நடந்தது. தலைமுறைக்குத் தலைமுறை கிருமியின் கொடுமை குறைந்துகொண்டே வந்தது.

1908ஆம் ஆண்டு தொடங்கினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, வளர்ந்த கிருமியில் சிறிது எடுத்துப் புதிய கிழங்கில் இட்டார்கள். அதிலிருந்து எடுத்து அடுத்ததில். நம் வீட்டில் நேற்றைய மோரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவதில்லையா? அதே வேலைதான். நடுவில் முதல் உலக யுத்தம் வந்தது. லீல் நகரை ஜெர்மானியர் பிடித்துக்கொண்டனர். கிழங்குக்கும் பித்தத்துக்கும்கூடத் தட்டுப்பாடு. இருவரும் விடவில்லை. 13 ஆண்டுகள், சுமார் 230 முறை உறை ஊற்றினார்கள்! அந்தப் பொறுமையைத் தபஸ் என்று சொன்னாலும் தகும்.

முடிவில் கிடைத்த கிருமி உயிரோடு இருந்தது, ஆனால் நோய் தரும் சக்தியை இழந்திருந்தது. கினிப்பன்றிக்கும் மாட்டுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், நோய் வரவில்லை. 1921இல் பாரிஸில் ஒரு பச்சிளங் குழந்தைக்கு முதன்முதலாக அந்த மருந்தை வாய்வழியே புகட்டினார்கள். குழந்தையின் தாய் காசநோயால் மாண்டுபோயிருந்தாள். குழந்தை நோயின்றி வளர்ந்தது. பாசில்லஸ் கால்மெட் குவேரன் என்று இருவர் பெயரையும் சேர்த்துக் கிருமிக்குப் பெயரிட்டார்கள். அதன் சுருக்கமே பி. சி. ஜி.

சோதனையும் வராமலில்லை. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் இந்த மருந்தைப் புகட்டிய குழந்தைகளில் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலகமே கொதித்தது. விசாரணையில், அந்த ஊர்ச் சோதனைச் சாலையில் உண்மையான காசநோய்க் கிருமி மருந்தோடு கலந்துவிட்டது என்று தெரியவந்தது. குற்றம் பி. சி. ஜி.யினுடையதன்று. ஆயினும் பயம் பயந்தான்; பல தேசங்களில் வெகுகாலம் அது போகவில்லை.

மதனப்பள்ளியிலிருந்து கிண்டிக்கு

இந்தியாவில் இந்த ஊசியை முதன்முதல் போட்டுப் பார்த்தது 1948 ஆகஸ்டில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியில். அங்கே பெயர்பெற்ற காசநோய் ஆரோக்கிய சாலை இருந்தது. அதே ஆண்டில் சென்னை கிண்டியில் பி. சி. ஜி. மருந்து தயாரிக்கும் சோதனைச் சாலை ஏற்பட்டது. மந்தைவெளியிலிருந்து அடையாற்றைக் கடந்தால் கிண்டி வெகுதூரமில்லை.

அங்கே நடப்பது நுட்பமான சமையல் போன்றது. சாடன் திரவம் என்ற ஒரு சத்து நீரின் மேல் கிருமி ஏடு படிந்தாற்போல் வளரும். காய்ச்சிய பாலின் மேல் ஆடை கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏட்டை எடுத்து, நீரைப் பிழிந்து, நிறுத்து, குண்டுகள் உருளும் பாத்திரத்தில் அரைத்து நீரில் கலக்கிவிடுவார்கள். ஆதியில் அந்த நீர் மருந்தையே பனிக்கட்டி வைத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். ஓரிரண்டு வாரத்துக்கு மேல் அது தாங்காது. பிற்பாடு உறைய வைத்து உலர்த்தும் முறை வந்தது. கிருமி தூளாகத் தூங்கும். நீர் பட்டால் விழிக்கும். வெளிச்சம் ஆகாது, ஆகையால் பழுப்பு நிறக் குப்பி. கரைத்த மருந்தைச் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும்.

இந்த நிலையத்தின் பிற்கால வரலாறும் மேடு பள்ளமானது. உற்பத்தி விதிகளுக்கு ஏற்ற கட்டடமும் சாதனமும் இல்லை என்று 2008இல் இதன் உரிமம், குன்னூர், கசௌலி நிலையங்களின் உரிமத்தோடு சேர்த்து நிறுத்தி வைக்கப்பட்டது. பெரும் வாதப் பிரதிவாதம் எழுந்தது. 2010இல் அந்தத் தடை நீங்கியது.

ராஜாஜியின் கேள்வி

1951 முதல் இந்தியா முழுவதும் கூட்டம் கூட்டமாகப் பி. சி. ஜி. போடும் இயக்கம் நடந்தது. மத்திய சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌர் அதற்கு முழு ஆதரவு தந்தார். அப்போது எதிர்ப்புக் குரல் எங்கிருந்து வந்தது தெரியுமா? சென்னையிலிருந்து, அதுவும் சாமானியரிடமிருந்து அன்று. கவர்னர் ஜெனரலாகவும் முதல் மந்திரியாகவும் இருந்து ஓய்ந்திருந்த சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் 1955இல் பி. சி. ஜி.யை எதிர்த்துப் பேசினார், எழுதினார், சிறு புத்தகமும் போட்டார். உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான குழந்தைகளின் உடம்பில் புகுத்துவதா? இந்த நாட்டில் பலன் தரும் என்பதற்கு ருசு எங்கே? ருசு இல்லாமல் இலட்சக்கணக்கானவர்களுக்குப் போடுவது சோதனை ஆகாதா? இவையே அவர் கேள்விகளின் சாரம்.

நிபுணர்கள் பதில் சொன்னார்கள். ஆனால் பதில்கள் அயல்நாட்டுக் கணக்குகள்தாம். பிரிட்டனில் பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் 1950இல் தொடங்கிய பெரும் சோதனை, நூற்றுக்கு எண்பது பங்கு காப்பு என்று சொல்லிற்று. அமெரிக்காவில் ஜார்ஜியா, அலபாமா பக்கத்துச் சோதனையிலோ பலன் மிகச் சொற்பம். எது நம் ஊருக்குப் பொருந்தும்? யாருக்கும் தெரியாது. ராஜாஜியின் பயத்தில் சில மிகையானவை. இந்த ஊசி ஆபத்தானதன்று என்பது அதன் பின் கோடிக்கணக்கான குழந்தைகளிடம் நிரூபணமாயிற்று. ஆனால் ருசு எங்கே என்ற கேள்வி மட்டும் நியாயமான கேள்வி. அதை அலட்சியம் செய்யாமல் விடை தேடப் புறப்பட்டதுதான் இந்திய வைத்திய ஆராய்ச்சியின் பெருமை.

அந்தப் பக்குவம் சென்னைக்கு ஏற்கெனவே வந்திருந்தது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. ஆரோக்கிய சாலையில் படுத்து, பாலும் முட்டையும் சாப்பிட்டால்தான் காசநோய் தீரும் என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பங்காக்கி, ஒரு பங்கினருக்கு வீட்டிலும் மறு பங்கினருக்கு ஆரோக்கிய சாலையிலும் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் சரிக்குச் சரி குணமானார்கள்! 1959இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசநோய் வைத்தியத்தை மாற்றிவிட்டது. நம்பிக்கையை எண்ணிக்கையால் உரைத்துப் பார்க்கும் கலையைச் சென்னை அப்படிக் கற்றுக்கொண்டது.

மூன்றரை இலட்சம் பேர்

1968இல் பெரிய காரியம் ஆரம்பமாயிற்று. இடம், அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களும் சிற்றூர்களும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தியது. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் துணை நின்றன. பதிவேட்டில் ஏறியவர்கள் 3,66,625 பேர். அவர்களுள் ஊசி போட்டுக்கொண்டவர்கள் 2,81,161 பேர். ஒரு தடுப்பு மருந்துக்கு அதுவரை இத்தனை பெரிய பரீட்சை நடந்ததே இல்லை என்று சொல்லும்படியான அளவு.

பரீட்சையின் அமைப்பைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஊசிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். சிலவற்றில் மருந்து அதிக அளவில், சிலவற்றில் அதில் பத்தில் ஒரு பங்கு. இன்னும் சிலவற்றில் மருந்தே கிடையாது, வெற்று ஊசி. மருந்திலும் பிரெஞ்சு வகை, டேனிஷ் வகை என இரண்டு. யாருக்கு எது என்பது குலுக்குச் சீட்டு மாதிரி விழும். போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா?

போட்டதோடு வேலை தீரவில்லை, அங்கேதான் தொடங்கிற்று. இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை ஊர் ஊராகச் சென்று, பெயர் பெயராக அழைத்து, மார்புப் படம் பிடித்து, சளியை வாங்கிச் சோதித்தார்கள். வயலுக்குப் போனவர், கல்யாணமாகி வேற்றூர் போன பெண், பிழைப்புத் தேடிப் பட்டணம் போன பிள்ளை என்று எத்தனை பெயர்களைத் துரத்த வேண்டியிருந்திருக்கும்! 15 ஆண்டுகள் இது நடந்தது. விஞ்ஞானிகளின் பெயர்கள் அறிக்கைகளில் இருக்கின்றன. ஏழரை, பத்து, பதினைந்து வருஷம் சலிக்காமல் கையை நீட்டியும் சளியைக் கொடுத்தும் ஒத்துழைத்த அந்தக் கிராமத்து ஜனங்களுக்குப் பெயர்ப் பலகை ஏதுமில்லை.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979இல் வெளியாயிற்று. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பி. சி. ஜி. தடுக்கவில்லை! கொஞ்சம் தடுத்தது என்றுகூடச் சொல்ல வழியில்லை. 15 ஆண்டு முடிந்த பிறகும் அதே கதைதான். ஆரம்பத்தில் காசநோய்க் கிருமி தொற்றாதவர்கள் என்று உறுதியான 1,09,873 பேரில் 560 பேருக்கு நோய் கண்டது. அதிக அளவு மருந்து பெற்றவர்களில் 191. குறைந்த அளவு பெற்றவர்களில் 189. வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களில் 180. மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், வியாக்கியானம் வேண்டாம். சிறு பிள்ளைகளிடம் மட்டும் லேசான காப்பு தென்பட்டது. தொழுநோயையும் ஓரளவு தடுத்தது.

வேறொரு நிறுவனமாயிருந்தால் இப்படி ஒரு முடிவை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கக்கூடும். கோடிக்கணக்கில் ஊசி போட்டாகிவிட்டது. மருந்துச் சாலையும் நம்முடையதே. இப்போது போய்ப் பலனில்லை என்று சொல்வதா? ஆனால் சொன்னார்கள். ராஜாஜி அதைக் கேட்க உயிரோடில்லை. 1972 டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். கேட்டிருந்தால் முழு வெற்றி என்று கொண்டாடியிருக்கவும் முடியாது. ஏனென்றால் மற்ற ஆராய்ச்சிகள் இன்னொரு உண்மையைக் காட்டின. கைக்குழந்தைகளைத் தாக்கி மூளைச் சவ்வை அழற்சியுறச் செய்யும் காசநோயையும், உடம்பெங்கும் தினைபோல் பரவும் காசநோயையும் இந்த ஊசி பெரும்பாலும் தடுக்கிறது. பிறந்த குழந்தைக்கு இன்றும் பி. சி. ஜி. போடுவது அதற்காகத்தான். நோயைப் பிறருக்குப் பரப்புகிறவர்கள் இருமும் பெரியவர்கள்; குழந்தைகள் அல்லர். அதனால் குழந்தை பிழைத்தது, ஊரில் நோய் குறையவில்லை. 2023ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி இந்தியாவில் புதிதாகக் காசநோய் கண்டவர்கள் சுமார் 28 இலட்சம்; உலகத் தொகையில் கால் பங்குக்குச் சற்று மேல்.

ஏன் பலிக்கவில்லை?

பிரிட்டனில் எண்பது, திருவள்ளூரில் பூஜ்யம். அதே ஊசிக்கு இப்படி இரண்டு முகமா? ஒரு காரணம் நம் மண்ணிலும் நீரிலும் இருக்கிறது. காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் பலர் குளத்திலும் சேற்றிலும் சாதுவாக வாழ்கிறார்கள். உஷ்ண தேசத்துப் பிள்ளைகள் நடை பழகும் நாள் முதல் அவற்றோடு புழங்குகிறார்கள். உடம்பு அந்த இனத்தோடு ஏற்கெனவே பழகிவிட்டபடியால், பி. சி. ஜி. வந்து புதிதாகக் கற்பிக்க அதிகமில்லை. அல்லது, பழகிய உடம்பு அந்தக் கிருமியை வேர்விட விடாமல் விரட்டிவிடுகிறது. குளிர் தேசத்துப் பிள்ளைக்கோ எல்லாம் புதுப் பாடம். இது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். இதுவே முழு விளக்கம் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.

இன்னொரு காரணம் உயிரணுவுக்குள் ஒளிந்திருந்தது. அதைக் காண ஜீன் விஞ்ஞானம் வளர வேண்டியிருந்தது.

நம் இரத்தத்திலும் நுரையீரலிலும் விழுங்கும் அணுக்கள் உண்டு. அந்நியக் கிருமியைக் கண்டால் அப்படியே வாயில் போட்டு, உள்ளே ஒரு பைக்குள் அடைத்து, அமிலமும் நொதியும் ஊற்றிக் கரைத்துவிடும். காசநோய்க் கிருமி இந்த இடத்தில்தான் தன் கைவரிசையைக் காட்டுகிறது. தன்னை அடைத்த பையில் அமிலம் வந்து சேராதபடி தடுத்துவிட்டு, அங்கேயே குடித்தனம் தொடங்குகிறது. திருடனைப் பிடித்து அடைத்த காவல்காரன் வீட்டிலேயே திருடன் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டால் எப்படி? அப்படி. பிறகு பையின் சுவரைத் துளைத்துக் கொல்லைப் பக்கம் வருகிறது. வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். உடம்பு தளர்ந்த சமயம் பார்த்துக் கிளம்பும்.

சுவரைத் துளைக்க அதற்கு ஒரு கருவி வேண்டும். 1996இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காசநோய்க் கிருமியின் டி. என். ஏ.யையும் பி. சி. ஜி.யின் டி. என். ஏ.யையும் ஒப்பிட்டு, பின்னதில் ஒரு துண்டே காணாமற் போயிருப்பதைக் கண்டார்கள். 9 ஜீன்கள் கொண்ட துண்டு. ஆர். டி. 1 என்று அதற்குப் பெயர். 1998இல் காசநோய்க் கிருமியின் 44 இலட்சம் எழுத்துகளும் ஏறக்குறைய 4,000 ஜீன்களும் முழுமையாகப் படிக்கப்பட்டன. அதன் பின் விஷயம் விளங்கிற்று. துளைக்கும் கருவியைச் செய்யும் ஜீன்கள் அந்தத் துண்டில்தான் இருக்கின்றன. கால்மெட்டும் குவேரனும் 13 ஆண்டு உறை ஊற்றியதில் கிருமி எதைத் தொலைத்தது என்பது, அவர்கள் இருவரும் மறைந்து வெகுகாலம் சென்றபின் தெரியவந்தது. கருவி போனதால் கிருமி சாதுவாயிற்று. ஆனால் உண்மையான எதிரி எப்படி வருவான் என்று உடம்புக்குக் காட்டிக்கொடுக்க வேண்டிய அடையாளமும் அதோடு போய்விட்டது!

உறைமோர் வீட்டுக்கு வீடு போனால் ருசி மாறும் அல்லவா? பி. சி. ஜி.யும் பாரிஸிலிருந்து கோபன்ஹேகனுக்கும் டோக்கியோவுக்கும் மாஸ்கோவுக்கும் போய், அங்கங்கே தனித்தனியாக உறை ஊற்றப்பட்டது. முற்பட்ட வகைகளில் உள்ள ஒரு ஜீன் துண்டு பிற்பட்ட வகைகளில் இல்லை. பி. சி. ஜி. என்பது இன்று ஒரு மருந்தன்று, ஒரு குடும்பம்.

அந்தக் காணாமற் போன துண்டுக்கு ஒரு பிரயோஜனமும் கிடைத்தது. காசநோய் தொற்றியிருக்கிறதா என்று பார்க்கப் போடும் பழைய தோல் சோதனை, பி. சி. ஜி. போட்டவரையும் சில சமயம் தொற்றியவர் என்று காட்டிக் குழப்பும். ஆர். டி. 1 ஜீன்கள் செய்யும் புரதங்களைக் கொண்டே புதுச் சோதனை செய்தால் குழப்பமில்லை, பி. சி. ஜி.யில்தான் அவை கிடையாதே! இந்தியாவில் தயாராகும் அத்தகைய தோல் சோதனை ஒன்றுக்கு 2022இல் அனுமதி கிடைத்தது.

ஏட்டில் வைத்த நூல்

இனி, தழும்பின் மறுபக்கம். காசநோய்க்குப் போட்ட ஊசி வேறு நோய்களிலிருந்தும் காக்கிறதோ என்ற சந்தேகம் வெகுநாளாக உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி பிசாவில் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் எடை குறைந்த சிசுக்களுக்குப் பிறந்தவுடனே பி. சி. ஜி. போட்டுப் பார்த்தபோது, முதல் மாதத்துச் சாவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. காசநோய் ஒரு மாதத்தில் கொல்வதில்லை. ஆகவே வேறேதோ நடக்கிறது என்று ஊகித்தார்கள்.

நோய் எதிர்ப்பு விஞ்ஞானத்தில் பழைய பாடம் ஒன்று உண்டு. உடம்பில் இரண்டு படைகள். விழுங்கும் அணுக்கள் முதல் படை, அவற்றுக்கு ஞாபகம் கிடையாது. டி அணு, பி அணு என்பவை இரண்டாம் படை, ஒரு முறை கண்ட எதிரியை அவை மறப்பதில்லை. 2012இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தில் மிஹாய் நேத்தியாவின் குழுவினர் இந்தப் பாடத்தின் முதல் பாதியைத் திருத்தினார்கள். பி. சி. ஜி. போட்டவர்களின் இரத்தத்தை எடுத்து, அதிலுள்ள முதல் படை அணுக்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு கிருமிகளைக் காட்டினார்கள். அணுக்கள் முன்னைவிட உரக்க எதிர்த்தன. மூன்று மாதம் சென்றும் அந்தச் சுறுசுறுப்பு இருந்தது!

இது எப்படி? ஜீன் மாறவில்லை. ஜீன்கள் எழுதிய டி. என். ஏ. இழை சில புரத உருளைகளின் மேல் சுற்றியிருக்கிறது. அந்த உருளைகளில் சிறு இரசாயன முத்திரைகள் விழுகின்றன. ஏட்டுச் சுவடியில் அடிக்கடி வேண்டிய பக்கத்தில் ஒரு நூலை வைத்துவிட்டால், தேடாமல் சட்டென்று புரட்டிவிடலாம். ஏட்டின் எழுத்தில் ஒன்றும் மாறுவதில்லை. அதைப் போலத்தான். சண்டைக்கு வேண்டிய ஜீன்கள் சுலபமாகத் திறக்கும்படி அடையாளம் வைக்கப்படுகிறது. பயிற்சி பெற்ற எதிர்ப்பாற்றல் என்று இதற்குப் பெயர். விழுங்கும் அணு சில நாளில் செத்துப்போகுமே, பயிற்சி எப்படி நிலைக்கும் என்று கேட்கலாம். எலும்பு மஜ்ஜையிலுள்ள மூல அணுக்களையே பி. சி. ஜி. பழக்கிவிடுகிறது என்று 2018இல் எலிகளிடம் காட்டியிருக்கிறார்கள்.

மூத்திரப்பைப் புற்றுநோயில் இது வெகு நாளாகவே கைகண்ட வைத்தியம். கனடாவின் அல்வாரோ மொராலெஸ் 1976இல், புற்றுள்ள மூத்திரப்பைக்குள் பி. சி. ஜி.யை நேராகச் செலுத்திக் கண்ட பலனை வெளியிட்டார். மேலோடு நிற்கும் புற்றுக்கு இன்றுவரை அது முதன்மையான சிகிச்சைகளுள் ஒன்று. பசுவின் மடியில் கிடைத்த கிருமி எங்கெல்லாம் போய் வேலை செய்கிறது பாருங்கள்!

இந்தக் கவர்ச்சியில் மயங்கி எல்லா நோய்க்கும் இதுவே சஞ்சீவி என்று சொல்லவும் சிலர் புறப்பட்டார்கள். 2020இல் கொரோனா வந்தபோது உலகம் முழுவதும் பி. சி. ஜி.யைத் தேடினார்கள். சேத்துப்பட்டு நிலையமும் முதியவர்களிடம் அதைப் பரீட்சித்தது. ஆனால் ஐந்து தேசங்களில் சுமார் 4,000 வைத்தியத் துறை ஊழியர்களிடம் நடந்த பெரிய பரீட்சையின் முடிவு 2023இல் வந்தது: கொரோனாவைத் தடுக்கவில்லை. சிசுக்கள் விஷயத்திலும் அப்படியே. சென்னையிலும் புதுச்சேரியிலும் 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள சிசுக்களிடம் நடத்திய பரீட்சையின் முடிவு 2019இல் வெளியாயிற்று. ஆப்பிரிக்காவில் கண்ட பலன் இங்கே கிடைக்கவில்லை. இங்கே போட்டது ரஷ்ய வகை, அங்கே போட்டது டேனிஷ் வகை என்பது காரணமாயிருக்கலாம். மறுபடியும் உறைமோர்க் கதைதான்.

அடுத்த ஊசி

பெரியவர்களைக் காக்கும் ஊசிக்கு வேட்டை நடக்கிறது. 2020இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பி. சி. ஜி.யைத் தோலில் போடாமல் குரங்குகளின் இரத்தக் குழாயில் ஏற்றிப் பார்த்தார்கள். 10 குரங்குகளில் 9 தப்பின. 6 குரங்குகளில் கிருமியின் சுவடே இல்லை. மனிதருக்கு அப்படிப் போட யாரும் துணிய மாட்டார்கள். ஆனால் உடம்பால் இந்த எதிரியை அடியோடு வெல்ல முடியும் என்று அதனால் தெரிந்தது. எந்த அணு, எந்த இடத்தில், எத்தனை இருந்ததால் வென்றது என்று இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

கிருமியின் இரண்டு புரதங்களை ஒட்டவைத்துச் செய்த எம். 72 என்ற ஊசி, கிருமி உள்ளே தங்கியும் நோய் காணாத ஆப்பிரிக்கப் பெரியவர்களிடம் ஏறக்குறைய பாதிப் பேரைக் காத்தது. அதன் இறுதிக் கட்டப் பரீட்சை 2024இல் ஆரம்பமாயிற்று. ஜீன் மாற்றிய பி. சி. ஜி. ஒன்றையும் வேறொரு ஊசியையும் நோயாளிகளின் வீட்டார் சுமார் 12,000 பேரிடம் 2019 முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதித்தது. பெரியவர்களுக்கே மறுபடி பி. சி. ஜி. போட்டால் என்ன என்று 2024இல் நம் நாட்டின் பல மாநிலங்களில் போட்டுப் பார்க்கலானார்கள். அடுத்த ஆண்டே தென்னாப்பிரிக்கச் சேதி வந்தது. அங்கே வாலிபப் பிள்ளைகளுக்கு மறு ஊசி போட்டதில், கிருமி உடம்பில் தங்குவதை அது தடுக்கவில்லை. தங்கிய கிருமி நோயாக மாறுவதைத் தடுக்குமா என்பது வேறு கேள்வி. 1955இல் கேட்ட அதே வார்த்தையை, ருசு எங்கே என்பதை, இப்போதும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இதற்கிடையே, இன்று காலை மயிலாப்பூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்த குழந்தைக்கு, வீடு போகுமுன் நர்ஸ் அந்த ஊசியைப் போட்டுவிடுவார். அளவு ஒரு மில்லி லிட்டரில் இருபதில் ஒரு பங்கு. தோலுக்குள்ளேயே நிற்கும்படி, மெல்லச் சாய்த்துப் போட வேண்டும். கைப்பழக்கம் வேண்டிய வேலை. இரண்டு மூன்று வாரத்தில் அந்த இடத்தில் ஒரு சிறு கட்டி எழும்பும். உடைந்து லேசாக நீர் கசியும். பாட்டிமார் மஞ்சள் பற்றுப் போடக் கிளம்புவார்கள், வேண்டாம். களிம்பும் வேண்டாம், கட்டும் வேண்டாம். வழக்கம்போல் குளிப்பாட்டலாம். அக்குளில் பெரிதாக நெறி கட்டினாலோ, புண் மூன்று மாதமாகியும் ஆறாவிட்டாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். மற்றபடி தானே காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, பட்டாணி அளவில் தழும்பு நிற்கும். சில குழந்தைகளுக்குத் தழும்பே விழாது. அதற்காக மறுபடி போடுவதில்லை.